நெஞ்சுல ஒரு துடிப்பு விட்டுப் போகுது, எக்டோபிக்னு சொல்லிட்டாங்க. மாமியாருக்கு இருக்கறதும் இதுவும் ஒண்ணா?

நீடாமங்கலம் டீச்சர்:

வணக்கம். ரொம்ப நாளா இங்க படிக்க மட்டும்தான் செய்வேன், எழுதறது இதுதான் முதல் தடவை. கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுத்துக்கோங்க.

எனக்கு 36 வயசு. ரெண்டு மாசமா ராத்திரி படுத்ததும் நெஞ்சுக்குள்ள ஏதோ மீன் புரளற மாதிரி இருக்கு, ஒரு துடிப்பு விட்டுப் போகுது, அடுத்தது தொம்முனு தொண்டை வரைக்கும் வந்து இடிக்குது. இடது பக்கம் சாஞ்சு படுத்தா இன்னும் நல்லா தெரியுது. பகல்ல கிளாஸ்ல நிக்கும்போதோ தண்ணி தூக்கும்போதோ ஒண்ணுமே இல்ல. பரீட்சை பேப்பர் திருத்தற வாரத்துல சரியா தூங்கல, அப்ப ஆரம்பிச்சதுதான்.

போன வாரம் ஒரு ராத்திரி விடாம வந்துச்சு. கொரோனா சமயத்துல வாங்கி வச்ச ஆக்ஸிமீட்டரை விரல்ல மாட்டினா ஆக்ஸிஜன் 98, ஆனா நாடி 41. கழட்டி மறுபடி மாட்டினா 43. வீட்டுக்காரர் பதறிப்போயி அந்த மழையிலயே வண்டியை எடுத்துக்கிட்டு ஒரு ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போனாரு. அங்க ஈசிஜி பேப்பர்ல 82னு போட்டிருக்கு! ராத்திரி டூட்டி டாக்டர் பேப்பரைப் பார்த்துட்டு "எக்டோபிக் பீட்ஸ்மா, நிறைய பேருக்கு வரும், பயப்படாதீங்க, ஹோல்ட்டர் ஒண்ணும் (ஒருநாள் பூரா ஒயரோட எடுக்கற ஈசிஜி) எக்கோ ஒண்ணும் (இதய ஸ்கேன்) எடுத்துடுங்க"ன்னு சொல்லி சீட்டு எழுதிக் குடுத்துட்டு அடுத்த பேஷண்ட்டைப் பார்க்கப் போயிட்டாரு. மாத்திரை எதுவும் இல்ல.

என் பயம் எங்கேருந்து வருதுன்னா, எங்க அத்தை, அதாவது மாமியாருக்கு 58 வயசு, சின்ன வயசுல மூட்டுவீக்கம் காய்ச்சல் வந்து வால்வு சுருங்கிடுச்சு. அவங்களுக்கும் இப்படித்தான் படபடப்புன்னு ஆரம்பிச்சது, நாங்க வாயுன்னு நினைச்சு ஓமத்தண்ணி குடுத்துட்டு இருந்தோம். நாலு வருஷம் முன்னாடி ஒருநாள் காலையில காபி டம்ளர் கையிலேருந்து நழுவி விழுந்துச்சு, வலது கை வரல, வாய் கோணிடுச்சு. இப்ப பரவாயில்ல, ரத்தம் உறையாம இருக்க அசிட்ரோம் மாத்திரை போடறாங்க, மாசாமாசம் ரத்தம் டெஸ்ட். அவங்களுக்கு இருக்கறது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், சுருக்கமா ஏஎஃப்னு சீட்டுல இருக்கு.

என்னோடது நாளைக்கு அதுவா மாறுமா? 41க்கும் 82க்கும் என்ன கணக்கு? ஆபத்து இல்லன்னா ஏன் டெஸ்ட், ஆபத்துன்னா ஏன் மாத்திரை இல்ல? தெரிஞ்சவங்க சொல்லுங்க.


வெட்டாறு:

எனக்கு 12 வருஷமா இருக்கு சகோதரி. ஹோல்ட்டர், எக்கோ ரெண்டும் எடுத்து நார்மல்னு சொல்லிட்டாங்க. அப்பறம் நான் அதைத் தேடறதை விட்டேன். தூக்கம் கெட்டா வருது, தூங்கினா போகுது.


ஈசிஜி ரூம்:

மேடம், நான் டாக்டர் இல்ல, கவர்மென்ட் ஆஸ்பத்திரில ஈசிஜி டெக்னீஷியன், 19 வருஷமா தினமும் இந்தப் பேப்பரைத்தான் பார்க்கறேன். உங்க 41, 82 கேள்விக்கு முதல்ல பதில் சொல்லிடறேன், ஏன்னா இதே பயத்தோட ராத்திரி ஓடி வர்றவங்க நிறைய பேரு.

இதயத்துல வலது மேல் அறையோட உச்சியில சைனஸ் நோடுன்னு ஒரு சின்ன இடம் இருக்கு, அதுதான் தானா கரண்ட் உண்டாக்கி ஒவ்வொரு துடிப்பையும் ஆரம்பிச்சு வைக்குது. அந்த கரண்ட் மேல் அறை ரெண்டுலயும் பரவி, நடுவுல ஏவி நோடுங்கற வாசல்ல ஒரு நொடி கூட இல்ல, ரொம்பக் கொஞ்ச நேரம் நின்னு, அப்பறம் கீழ் அறைக்கு இறங்கும். எக்டோபிக்னா அந்த இடத்தை விட்டு வேற ஏதோ ஒரு இடத்துலேருந்து ஒரு துடிப்பு அவசரப்பட்டு முன்னாடியே கிளம்பறது. மேல் அறையிலேருந்து வந்தா பிஏசி, கீழ் அறையிலேருந்து வந்தா பிவிசி. பேப்பர்ல பிவிசி அகலமா, விகாரமா, மத்த எதோடயும் சேராம தனியா நிக்கும். பிஏசி கிட்டத்தட்ட மத்த துடிப்பு மாதிரியே ஒல்லியா இருக்கும், ஆனா முன்னாடி வந்திருக்கும்.

முன்னாடியே வந்துடறதால அந்தத் துடிப்புக்குள்ள ரத்தம் நிரம்ப நேரமே இருக்காது. அதனால இதயம் அடிச்சாலும் விரல் நுனி வரைக்கும் அலை வந்து சேராது. ஆக்ஸிமீட்டர் ஈசிஜி பார்க்கல, விரல்ல வர்ற ரத்த அலையைத்தான் எண்ணுது. உங்களுக்கு அன்னைக்கு ஒரு சாதாரணத் துடிப்பு, ஒரு எக்டோபிக், ஒரு சாதாரணம், ஒரு எக்டோபிக்னு மாத்தி மாத்தி வந்திருக்கணும், அதுக்கு பைஜெமினின்னு பேரு. இதயம் 82 தடவை அடிச்சிருக்கு, அதுல பாதிதான் விரலுக்கு வந்திருக்கு. 82ல பாதி 41, கணக்கு சரியா இருக்கு பாருங்க. பேப்பர் உங்க கையில இருந்தா ஒல்லி, அகலம், ஒல்லி, அகலம்னு இருக்கான்னு பாருங்க. சில பிபி மெஷினும் இதே தப்புக் கணக்கு காட்டும்.

தொம்முனு இடிக்கறது எக்டோபிக் இல்ல, அதுக்கு அடுத்து வர்ற நல்ல துடிப்பு. எக்டோபிக்குக்குப் பின்னாடி ஒரு இடைவெளி விழும், அந்த நேரத்துல ரத்தம் கூடுதலா நிரம்பி அடுத்த துடிப்பு பலமா வரும். நீங்க பயப்படற அந்த இடிதான் உங்க இதயத்தோட சொந்தத் துடிப்பு. இடது பக்கம் படுத்தா இதயம் நெஞ்சுக்கூட்டோட ஒட்டி நிக்கும், அதனால நல்லா தெரியுது. பகல்ல நடமாட்டம் இருக்கும்போது சைனஸ் நோடு வேகமா போறதால எக்டோபிக் நுழைய இடமே கிடைக்காது, ராத்திரி வேகம் குறையும்போது தலை நீட்டும். நடந்தா மறையற எக்டோபிக் பொதுவா சாதுவானது, நடக்க நடக்க அதிகமாகற எக்டோபிக்கைத்தான் டாக்டருங்க கவனிச்சுப் பார்ப்பாங்க.

உங்க அத்தையோடது வேற கதை. ராத்திரி டூட்டி இருக்கு, வந்து எழுதறேன்.


தவில்காரர்:

டீச்சரம்மாவுக்கு வணக்கம். நான் தவில் வாசிக்கிறவன், திருவாரூர் பக்கம், 61 வயசாகுது. பேத்திதான் இதை டைப் பண்ணுது, நான் சொல்லச் சொல்ல.

எனக்கும் இதே எக்டோபிக்தான், 15 வருஷம் ஆகுது. ஒரு தை மாசம், முகூர்த்தம் அடுத்தடுத்து, நாலு ராத்திரி வேன்லயேதான் தூக்கம், வாயில வெத்தலையும் புகையிலையும், சாப்பாடு வேளைக்கு இல்ல. ஜானவாசத்துல வாசிச்சுக்கிட்டு இருக்கேன், கை சரியா வாசிக்குது, உள்ள நெஞ்சு தாளத்தை விட்டு முன்னாடி ஒரு அடி அடிக்குது. வாழ்நாள் பூரா தாளத்துல இருந்தவனுக்கு உடம்புக்குள்ளயே தாளம் தப்பினா எப்படி இருக்கும், நினைச்சுப் பாருங்க. அழுகையே வந்துடுச்சு.

தஞ்சாவூர்ல காட்டினப்ப அந்த டாக்டர் பெரிய மனசு பண்ணி ஈசிஜி பேப்பரை என் கையில குடுத்து, இது இது இப்படின்னு விரல் வச்சு காட்டினாரு. வீட்டுக்கு வந்து பேப்பரை முன்னாடி விரிச்சு வச்சுக்கிட்டு தொடையில தாளம் போட்டுப் பார்த்தேன். எல்லாம் புரிஞ்சிடுச்சு. அதைத்தான் உங்களுக்குச் சொல்றேன்.

எங்க செட்டுல ஜாலரா போடறவர் இருப்பாரு, தாளத்துக்கு அவர்தான் பொறுப்பு. அவரை சைனஸ் நோடுன்னு வச்சுக்குங்க. தவில் கீழ் அறை. அவர் தட்டத் தட்ட நான் அடிக்கணும். கீழ் அறை எக்டோபிக்னா, அவர் தட்டறதுக்கு முன்னாடியே நான் ஒரு அடி போட்டுடறேன். இப்ப அவர் தட்டற நேரம் வருது, என் கை இன்னும் திரும்பல, அடி விழாது, அங்க ஒரு வெத்து. ஆனா ஜாலராக்காரர் அசையல, தன் பாட்டுக்கு அடுத்ததைத் தட்டறாரு, நானும் சரியா சேர்ந்துக்கறேன். தாளம் எங்கயும் நகரல, சமம், அதாவது தாளம் ஆரம்பிக்கற இடம், அதே இடத்துலதான் விழுது. பேப்பர்ல ஸ்கேல் வச்சு அளந்தேன், எக்டோபிக்குக்கு முந்தின துடிப்பிலேருந்து அதுக்குப் பிந்தின துடிப்பு வரைக்கும் சரியா ரெண்டு தட்டு தூரம். இடம் பிசகல. அன்னைக்கு ராத்திரி நிம்மதியா தூங்கினேன்.

மேல் அறை எக்டோபிக்குன்னா கொஞ்சம் மாறும்னு டாக்டர் சொன்னாரு. அது ஜாலராக்காரருக்குப் பக்கத்துல உக்காந்திருக்கறவன் அவர் தொடையில தட்டிவிடற மாதிரி. அவர் எண்ணிக்கை கலைஞ்சு, அங்கேருந்து புதுசா எண்ண ஆரம்பிப்பாரு. அதனால அந்த இடைவெளி அவ்வளவு நீளமா இருக்காது, தாளம் கொஞ்சம் நகர்ந்து உக்காரும். அதுலயும் அடுத்த அடியிலேருந்து ஒழுங்கு வந்துடும்.

உங்க மாமியாருக்கு இருக்கறதுல ஜாலராவே கேக்காதும்மா. தேர் இழுக்கற அன்னைக்கு கீழவீதில கூட்டத்துக்குள்ள நிக்கற மாதிரி, ஆளாளுக்கு கை தட்டறாங்க, மேல் அறையில நிமிஷத்துக்கு முந்நூத்தம்பது, ஐந்நூறுன்னு அதிர்வு. அதுல வாசலைத் தாண்டி எது கீழ வந்து காதுல விழுதோ அதுக்கு தவில் அடிக்கும். அடுத்த அடி எங்க விழும்னு சொல்லவே முடியாது, சமமும் இல்ல, பாட்டு ஆரம்பிக்கற எடுப்பும் இல்ல. எக்டோபிக்ல தாளம் இருக்கு, ஒரு அடி தப்புது. ஏஎஃப்ல தாளமே இல்ல.

இன்னொண்ணு. பாட்டுல அதீதம், அனாகதம்னு எடுப்பு உண்டு, தாளத்துக்கு முன்னாடி எடுக்கறது அதீதம், தள்ளி எடுக்கறது அனாகதம். எக்டோபிக் எப்பவும் முன்னாடி விழறது. தள்ளி, தாமதமா விழற அடியும் இதயத்துல உண்டாம். ஜாலரா நின்னுபோனா, தவில்காரன் கொஞ்சம் காத்திருந்து பார்த்துட்டு கச்சேரி நிக்கக்கூடாதுன்னு தானே ஒரு அடி எடுத்துக் குடுக்கறான் பாருங்க, அது. அதுக்கு எஸ்கேப் பீட்டுன்னு பேரு. அது தப்பு அடி இல்ல, காப்பாத்தற அடி. ஆனா அது வந்தா மேல தாளம் ஏன் நின்னுச்சுன்னு டாக்டர் பார்க்கணும். இப்படி தாளம் ஓடிக்கிட்டே இருந்தும் தவிலுக்குக் கேக்காம வழி அடைச்சுக்கிட்டாலும் அடி விடும். எங்க சித்தப்பாவுக்கு அப்படி ஆயி, நாடி மெதுவா முப்பத்தஞ்சு, நாப்பதுன்னு இறங்கி மயங்கி விழுந்து, பேஸ்மேக்கர் வச்சாங்க.

மூச்சு இழுக்கும்போது கொஞ்சம் வேகம், விடும்போது கொஞ்சம் நிதானம், இது சின்னப் பிள்ளைங்களுக்கு நல்லாவே தெரியும். அது காலப்பிரமாணம், அதாவது தாளத்தோட வேகம், மூச்சோட அசையறது. அது வியாதியே இல்ல.

புகையிலையை அன்னைக்கு விட்டவன்தான். வெத்தலை மட்டும் உண்டு.


நீடாமங்கலம் டீச்சர்:

ஐயா, இதைப் படிச்சுட்டு பேப்பரை எடுத்துப் பார்த்தேன், ஈசிஜி ரூம் சார் சொன்ன மாதிரியே ஒல்லி, அகலம், ஒல்லி, அகலம், அப்பறம் நாலு ஒல்லி. ஸ்கேல் வச்சு அளந்தேன். அந்த நாலு ஒல்லிக்கு நடுவுல எவ்வளவு தூரமோ, அதுல சரியா ரெண்டு மடங்கு, எக்டோபிக்கைச் சுத்தி இருக்கு. ஐயா சொன்ன கணக்கு அப்படியே.

அப்பறம் அத்தை பக்கத்துல போயி உக்காந்து அவங்க மணிக்கட்டைப் பிடிச்சுக்கிட்டே இன்னொரு கையால தொடையில தட்டிப் பார்த்தேன். முடியல. மூணு தட்டு சேருது, நாலாவது எங்கயோ போகுது, ஒண்ணு பலமா, ஒண்ணு பலவீனமா. நாலு வருஷமா மாத்திரை எடுத்துக் குடுக்கறேன், ஒருநாள் கூட அவங்க நாடியைத் தொட்டுப் பார்த்ததில்ல. அவங்க என்னடி பண்றேன்னு கேட்டுட்டு கையை எடுக்காம அப்படியே வச்சிருந்தாங்க.


பாபநாசம் மருந்துக்கடை:

டீச்சர், உங்க அத்தை விஷயம் மட்டும் நான் சொல்றேன், ஏன்னா இதுல கடைக்கு வர்றவங்க பண்ற தப்பை தினமும் பார்க்கறேன்.

மேல் அறை சுருங்கி விரியாம வெறுமனே நடுங்கிக்கிட்டே இருந்தா ரத்தம் உள்ள தேங்கும், ஆத்துல சுழல்ல குப்பை ஒதுங்கற மாதிரி இடது மேல் அறையில ஒரு சின்ன பை மாதிரி இருக்கற இடத்துல கட்டி சேரும், அது பிச்சுக்கிட்டு மூளைக்குப் போனா பக்கவாதம். ஏஎஃப் இருந்தாலே பக்கவாத வாய்ப்பு சுமார் 5 மடங்குன்னு சொல்லுவாங்க, வால்வு சுருக்கத்தோட சேர்ந்த ஏஎஃப்னா அதை விட பல மடங்கு. எக்டோபிக்ல மேல் அறை ஒழுங்கா சுருங்கி விரியுது, ரத்தம் தேங்கறது இல்ல, அதனால அதுக்கு ரத்தம் உறையாத மாத்திரை கிடையாது. ரெண்டு பேருக்கும் படபடப்பு ஒண்ணா இருக்கலாம், மாத்திரை ஒண்ணாகாது.

அசிட்ரோம் போடறவங்களுக்கு ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகுதுன்னு காட்டற எண்) பெரும்பாலும் 2லேருந்து 3க்குள்ள வைக்கச் சொல்லுவாங்க. கீரையை அடியோட நிறுத்த வேணாம், ஆனா ஒரு வாரம் தினமும் முருங்கைக்கீரை, அடுத்த வாரம் கீரையே இல்லன்னு ஏத்தி இறக்கக்கூடாது, அளவு சீரா இருக்கணும். மூட்டுவலிக்குன்னு கடையில கேட்டு டைக்ளோஃபெனாக் வாங்கிப் போடவே கூடாது, வயித்துல ரத்தம் கசியும். சில பேரு "டெஸ்ட் இல்லாத புது மாத்திரை வந்திருக்காமே, அதுக்கு மாத்திக்கறோம்"னு வர்றாங்க. சாதாரண ஏஎஃப்புக்கு அது நல்ல மாத்திரைதான், ஆனா மூட்டுவீக்க காய்ச்சல்ல வால்வு சுருங்கினவங்களுக்கு பழைய மாத்திரைதான் மேல்னு 2022ல வந்த பெரிய ஆராய்ச்சியில தெரிஞ்சது, புது மாத்திரை எடுத்த பக்கம் இறப்பு கூடுதலா இருந்துச்சு. தானா மாத்தாதீங்க.


கும்மோணம்:

நடுவுல ஒரு கேள்வி, தப்பா நினைக்காதீங்க. எனக்கும் எக்டோபிக் இருக்கு, காபியை நிறுத்துன்னு வீட்ல எல்லாரும் சொல்றாங்க. காலையில 5 மணிக்கு ஒண்ணு, 11க்கு ஒண்ணு, சாயந்திரம் ஒண்ணு, 30 வருஷப் பழக்கம். நிறுத்தித்தான் ஆகணுமா?


ஈசிஜி ரூம்:

டூட்டி முடிஞ்சு வந்துட்டேன். தவில் ஐயா எழுதினதை எங்க டாக்டர்கிட்ட படிச்சுக் காட்டினேன், ஹவுஸ் சர்ஜன் பசங்களுக்கு இப்படித்தான் சொல்லிக் குடுக்கணும்னு சொன்னாரு.

கும்மோணம் சார், 2023ல அமெரிக்காவுல 100 பேருக்கு நெஞ்சுல ஓயாம பதிவு பண்ற பேட்ச் ஒட்டி, ஒருநாள் காபி குடிங்க, ஒருநாள் குடிக்காதீங்கன்னு மாத்தி மாத்தி பார்த்தாங்க. மேல் அறை எக்டோபிக் காபியால கூடவே இல்லன்னு வந்தது, கீழ் அறை எக்டோபிக் மட்டும் கூடுச்சு, தூக்கமும் குறைஞ்சது. ஆளாளுக்கு வித்தியாசப்படும். ரெண்டு வாரம் சாயந்திரக் காபியை மட்டும் விட்டுப் பாருங்க, வித்தியாசம் இருந்தா உங்களுக்கே தெரியும். இல்லன்னா காபி மேல பழி போட வேணாம். சாராயம், சிகரெட், தூக்கமின்மை, காய்ச்சல், வாந்தி பேதி, இதெல்லாமும் தூண்டி விடலாம். ஆஸ்துமா பம்ப்பு, சளி மாத்திரையில இருக்கற மூக்கடைப்பு மருந்து, நீர் மாத்திரையால பொட்டாசியம் குறையறது, தைராய்டு கூடறது, ரத்தசோகை இதையும் டாக்டர் கேப்பாரு.

டீச்சர் மேடத்தோட கடைசிக் கேள்வி, ஏன் மாத்திரை குடுக்கல. இதுக்குப் பின்னாடி ஒரு பெரிய பாடம் இருக்கு. மாரடைப்பு வந்தவங்களுக்கு பிவிசி நிறைய இருந்தா இறப்பு கூடுதுன்னு முன்னாடியே தெரியும். அப்ப பிவிசியை அடக்கிட்டா பிழைச்சுக்குவாங்கன்னு எல்லாரும் நம்பினாங்க, நியாயமாத்தானே தோணுது. ஃப்ளெக்கனைடு, என்கனைடுன்னு ரெண்டு மருந்து, எக்டோபிக்கை நல்லா அடக்கும். காஸ்ட்னு ஒரு பெரிய ஆராய்ச்சியில மாரடைப்பு வந்தவங்கள்ல பாதி பேருக்கு மருந்தும் பாதி பேருக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரையும் குடுத்துப் பார்த்தா, மருந்து சாப்பிட்ட பக்கம்தான் அதிகம் பேர் செத்துப் போனாங்க. 1989ல அந்த மருந்துகளை பாதியிலயே நிறுத்திட்டாங்க. பேப்பர்ல எக்டோபிக் மறைஞ்சுது, ஆள் பிழைக்கல. அதுலேருந்து எக்டோபிக் இருக்குங்கறதுக்காக மட்டும் மருந்து குடுக்கற வழக்கம் போச்சு. அந்த இதயம் நல்லா இருக்கா, எத்தனை எக்டோபிக் வருது, ஆளுக்குத் தொந்தரவு எவ்வளவு, இந்த மூணையும் பார்ப்பாங்க. எக்கோ முதல் கேள்விக்கு, ஹோல்ட்டர் ரெண்டாவதுக்கு. தொந்தரவு தாங்கலன்னா மெட்டோப்ரலால் மாதிரி துடிப்பை நிதானப்படுத்தற பீட்டா பிளாக்கர் மருந்து குடுப்பாங்க.

ஒருநாளைக்கு இதயம் சுமார் ஒரு லட்சம் தடவை துடிக்குது. அதுல எக்டோபிக் சில நூறு, சில ஆயிரம் இருக்கறது இதயம் நல்லா இருக்கறவங்களுக்கு பெரும்பாலும் பிரச்சனை இல்ல. 10 சதவீதத்தைத் தாண்டினா கவனிக்கணும், 20 சதவீதத்துக்கு மேல வருஷக்கணக்கா போனா இதயம் விரிஞ்சு பலவீனமாக வாய்ப்பு இருக்கு. அப்படிப்பட்டவங்களுக்கு அந்த இடத்தைத் தேடி ஒயர் விட்டு சுட்டுடுவாங்க, அப்லேஷன்னு பேரு, எக்டோபிக் போனதும் இதயம் பழைய பலத்துக்கு வந்தவங்க நிறைய உண்டு.


மன்னை விவசாயி:

அப்லேஷன்னு பார்த்ததும் எழுதறேன். எனக்கு இருந்தது எக்டோபிக் இல்ல, எஸ்விடி, அதாவது திடீர்னு நெஞ்சு வேகமா ஓடற நோய். ரெண்டும் நெஞ்சு அடிக்கறதுதான் ஆனா துளியும் ஒண்ணு மாதிரி இருக்காது. குறுவை நடவு சமயம், வரப்புல குனிஞ்சு நாத்து முடியை எடுத்து நிமிர்றேன், சுவிட்சு போட்ட மாதிரி பட்டுனு ஆரம்பிச்சது, 190 துடிப்பு, கடிகாரம் மாதிரி ஒரே சீரா, ஒரு அடி கூட விடல, கழுத்துல நரம்பு துடிக்கறது எதிர்ல நிக்கறவங்களுக்கே தெரியுது. முக்கா மணி நேரம் ஓடிட்டு அதே மாதிரி பட்டுனு நின்னுடும். டாக்டர்கிட்ட போறதுக்குள்ள நின்னுடறதால ஈசிஜி எப்பவும் நார்மல். "டென்ஷன்"னு சொல்லி ரெண்டு வருஷம் தூக்க மாத்திரை குடுத்தாங்க, அந்த ரெண்டு வருஷத்தை நினைச்சா இப்பவும் ஆத்திரமா வருது.

கடைசில 108ல ஏத்தும்போதே ஓடிக்கிட்டு இருந்துச்சு, ஈசிஜில மாட்டிக்கிச்சு. அந்த டாக்டரம்மா 10 எம்எல் சிரிஞ்சைக் கையில குடுத்து ஊசி இல்லாம வாயில வச்சு பிஸ்டன் நகர்ற அளவுக்கு 15 செகண்ட் ஊதச் சொன்னாங்க, ஊதி முடிச்ச உடனே படுக்க வச்சு காலை ரெண்டு பேரா தூக்கிப் பிடிச்சாங்க. நின்னுடுச்சு! சாதாரணமா முக்கினா நூத்துக்கு 17 பேருக்குத்தான் நிக்கும், இப்படி காலைத் தூக்கினா 43 பேருக்கு நிக்கும்னு 2015ல வந்த ஆராய்ச்சில இருக்குன்னு சொன்னாங்க. அதுலயும் நிக்கலன்னா அடினோசின்னு ஊசி போடுவாங்களாம். கரண்டுக்கு ரெண்டு வழி இருந்து ஒண்ணுல இறங்கி இன்னொண்ணுல ஏறி வட்டமடிக்கறதுதான் இந்த நோய். தவில் ஐயா பாஷையில சொன்னா கோர்வை முடிவுக்கு வராம ஆரம்பத்துக்கே திரும்பத் திரும்பப் போற மாதிரி இருக்கும்னு நினைக்கறேன். அப்லேஷன் பண்ணி 5 வருஷம் ஆச்சு, அதுக்கப்பறம் ஒருதடவை கூட வரல.

டீச்சர், உங்களுக்கு எப்பவாவது பட்டுனு ஆரம்பிச்சு சீரா வேகமா ஓடினா, நிக்கறதுக்குள்ள பக்கத்துல எங்க ஈசிஜி இருக்கோ அங்க போயிடுங்க. ஓடும்போது எடுத்த பேப்பர் ஒண்ணு போதும்.


பட்டுக்கோட்டை நர்ஸ்:

எல்லாரும் தைரியம் சொல்றீங்க, அது சரிதான், ஆனா இதைப் படிச்சுட்டு டெஸ்ட் எடுக்காம விடக்கூடாத ஆளுங்களும் இருக்காங்க, அதையும் சொல்லிடறேன்.

எங்க அத்தை பையனுக்கு 19 வயசுல கபடி ஆடும்போது மயக்கம். ரெண்டு தடவை விழுந்தான், வெட்டியிழுத்துச்சு, அதனால வலிப்புன்னு ஒரு இடத்துல மாத்திரை ஆரம்பிச்சுட்டாங்க, ஈசிஜியே எடுக்கல. மூணாவது தடவை வேற டாக்டர் ஈசிஜி எடுத்துப் பார்த்துட்டு இது வலிப்பு இல்ல, பிறவியிலேயே க்யூடி இடைவெளி (கீழ் அறை ஒரு துடிப்பு முடிஞ்சு அடுத்ததுக்குத் தயாராகற நேரம்) நீளமா இருக்குன்னு கண்டுபிடிச்சாரு. அந்த நேரத்துல இதயம் கீழ் அறையிலேருந்து தாறுமாறா ஓடி மூளைக்கு ரத்தம் போகாமத்தான் விழுந்திருக்கான். இப்ப பீட்டா பிளாக்கர்ல நல்லா இருக்கான், அவங்க அம்மாவுக்கும் தங்கச்சிக்கும் கூட ஈசிஜி எடுத்தோம்.

அதனால ஓடும்போதோ வேலை செய்யும்போதோ மயக்கம், படபடப்போட நெஞ்சுவலி அல்லது மூச்சுத் திணறல், குடும்பத்துல இளவயசுல தூக்கத்துலயோ ஓட்டத்துலயோ திடீர்னு இறந்தவங்க இருக்கறது, ஏற்கெனவே மாரடைப்போ வால்வு நோயோ இருக்கறது, இதுல ஒண்ணு இருந்தாலும் சாதாரண எக்டோபிக்னு நினைச்சு வீட்ல உக்காரக்கூடாது. மயக்கமா, நெஞ்சுவலியா இருந்தா 108தான். வண்டியில பின்னாடி உக்கார வச்சு கூட்டிட்டுப் போகாதீங்க, வழியில சரிஞ்சுடுவாங்க.


நீடாமங்கலம் டீச்சர்:

ரெண்டு வாரம் கழிச்சு வர்றேன், மன்னிக்கணும். தஞ்சாவூர் போயி ஹோல்ட்டர் மாட்டிக்கிட்டு, ஒருநாள் பூரா ஒயரோட ஸ்கூலுக்கும் போயிட்டு வந்தேன். பிள்ளைங்க மிஸ் நெஞ்சுல என்னன்னு கேட்டாங்க, போர்டுல இதயம் வரைஞ்சு நாலு அறையும் காட்டி சொல்லிக் குடுத்தேன்.

ரிசல்ட்: மொத்தத் துடிப்பு 1,04,000, அதுல பிவிசி 3,120. சரியா 3 சதவீதம். எல்லாம் ஒரே வடிவம், தொடர்ச்சியா மூணு எங்கயும் வரல, மத்தியானம் கிட்டத்தட்ட இல்லவே இல்ல, ராத்திரி 10லேருந்து 2 மணிக்குள்ளதான் அதிகம். ஏஎஃப் எங்கயும் இல்ல. எக்கோல வால்வு நாலும் நார்மல், பம்பிங் 62 சதவீதம். தைராய்டு சரி. ஹீமோகுளோபின் மட்டும் 9.2, அதுக்கு இரும்புச்சத்து மாத்திரை மூணு மாசம். இப்ப வேற மருந்து வேணாம், வருஷத்துக்கு ஒருதடவை காட்டுங்க, நடுவுல மயக்கமோ மூச்சு வாங்கறதோ இருந்தா உடனே வாங்கன்னு கார்டியாலஜிஸ்ட் சொன்னாரு. இது அத்தையோடது மாதிரி மாறுமான்னு நேராவே கேட்டேன். அவங்களுக்கு ஏஎஃப் வந்தது வால்வு சுருங்கி மேல் அறை வீங்கினதால, உங்களுக்கு வால்வும் மேல் அறையும் நல்லா இருக்கு, உங்க எக்டோபிக் கிளம்பற இடமே கீழ் அறைன்னு படம் போட்டுக் காட்டினாரு.

அதோட இன்னொண்ணும் சொன்னாரு, டீச்சரா இருக்கறதால சொல்றேன்னு. பிள்ளைங்களுக்கு தொண்டைப்புண் காய்ச்சல் வந்து ரெண்டு மூணு வாரத்துல மூட்டு மூட்டா வீங்கினா வளர்ற வலின்னு விட்டுடாம அனுப்பி வைங்க, அந்தக் கட்டத்துல பிடிச்சு 21 நாளுக்கு ஒருதடவை பெனிசிலின் ஊசி போட்டுக்கிட்டு வந்தா வால்வைக் காப்பாத்திடலாம்னாரு. அத்தைக்கு அது 11 வயசுல வந்திருக்கு. அப்ப யாரும் சொல்லல. என் கிளாஸ்ல இப்ப ஒரு பொண்ணு முட்டி வலிக்குதுன்னு பி.டி. பீரியட்ல உக்காந்துக்கறா, திங்கக்கிழமை அவ அம்மாவை வரச் சொல்லியிருக்கேன்.

நேத்து ராத்திரியும் வந்துச்சு. தொடையில தாளம் போட்டுக்கிட்டே படுத்திருந்தேன். ஒரு வெத்து, அப்பறம் தொம், அது நான் தட்டின தட்டுலயே வந்து விழுந்துச்சு. எத்தனை எண்ணினேன்னு தெரியல, தூங்கிட்டேன்.


தவில்காரர்:

சந்தோஷம்மா. அந்தப் பொண்ணுக்கு என்ன ஆச்சுன்னு மட்டும் திங்கக்கிழமை ஒரு வார்த்தை எழுதுங்க.